வராத மருமகள்

"கதையில வர்ற அந்தச் சின்ன மருமக, நிஜத்துலயும் அப்படித்தானாக்கா?"

கேட்டவள் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிற பெண். ஆலயத்தை ஒட்டிய அறையில், எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக நடக்கும் வகுப்பு அது. எல்லார் மடியிலும் சபைப் பத்திரிகையின் புது இதழ்.

"கதைன்னா கதைதான். அதுக்குள்ள ஆளைத் தேடாதீங்க" என்றார் எழுத்தாளர். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை. அவர் யாரைச் சொல்லியிருக்கிறார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய மாமியார் இறந்தது போன மழைக்காலத்தில். கடைசி மூச்சு வரை இளைய மருமகளைத்தான் தேடினார். வெளியூரில் குடியிருந்த அவள் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. "உடம்பு முடியலக்கா" என்று போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஓரகத்தி செய்ததை எழுத்தாளர் அப்படியே கதையாக்கிவிட்டார். ஆலயத்தின் முதல் வரிசையில் காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலியோடு கதை முடியும். போதகர் அதைப் பிரசங்கத்திலேயே எடுத்துப் பேசினார். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வந்த சின்னவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சரி, கருப்பொருளுக்கு வருவோம்" என்றார் எழுத்தாளர். "கிறிஸ்தவக் கதைன்னா கடைசியில ஒரு வசனத்தை ஒட்ட வைக்கிறது இல்லை. அன்பு எங்கே இருக்கு, எங்கே இல்லைன்னு படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியணும். நான் அன்பு இல்லாத இடத்தைக் காட்டினேன்."

பாடகர் குழுப் பெண் விடவில்லை.

"வர முடியாதபடி அவங்களுக்கு ஏதாவது காரணம் இருந்திருந்தா?"

"காரணம் சொன்னா கதை நீர்த்துப் போயிடும்மா. ஆளாளுக்கு ஒரு காரணம் கொடுத்துக்கிட்டே போனா, பாவம்னு ஒண்ணு இருக்காது. கருப்பொருளும் இருக்காது."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த எழுத்தாளரின் மகள் மட்டும் எழுந்து வெளியே போனாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவளை, தன் பேச்சைக் கேட்கச் சொல்லி அம்மாதான் கையோடு கூட்டி வந்திருந்தார்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகள் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இதழைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"பாதியில எழுந்து வந்துட்டே. எல்லாரும் பார்த்தாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"சித்திக்கு அன்னைக்கு உடம்பு நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்."

"முடியாம கிடந்தது நான்."

எழுத்தாளர் தோளில் இருந்த பையை இறக்கவில்லை.

"உனக்கு அன்னைக்குப் பரீட்சை. அதனாலதானே நீ வரலை?"

"பரீட்சை எதுவும் இல்லைம்மா. ஆஸ்பத்திரியில இருந்தேன்." மகள் மேஜையைப் பார்த்தபடியே பேசினாள். "வயித்துல ஒண்ணு இருந்துச்சு. கலைஞ்சு போச்சு. ரத்தம் நிக்கலை. யாரைக் கூப்பிடறதுன்னு ரூம்ல கூட இருந்தவ கேட்டா. சித்தி வீடுதானே காலேஜுக்குப் பக்கம், அவங்க பேரைச் சொன்னேன். சித்தி அடக்கத்துக்குக் கிளம்பி பஸ் ஏறிட்டாங்க. பாதி வழியில இறங்கி என்கிட்ட வந்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க. ரத்தம் கொடுத்தாங்க. அங்கே பாட்டியைக் குழியில இறக்குற நேரத்துல, இங்கே என் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா அழுதுக்கிட்டு இருந்தாங்க."

எழுத்தாளர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். யார், எப்போது, எப்படி என்று கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. ஒன்றுதான் வாயில் வந்தது.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

மகள் கவிழ்த்து வைத்திருந்த இதழை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"கதையா எழுதிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

இல்லை என்று சொல்ல எழுத்தாளர் வாயைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துக் கெட்டதும், சொந்தத் தங்கையின் விவாகரத்தும் அதே பத்திரிகையில் கதைகளாக வந்தவைதான். இரண்டுக்கும் பாராட்டு வந்தது. மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எழுந்து போய் ஓரகத்திக்குப் போன் செய்தார்.

"என்னக்கா, வகுப்பு நல்லபடியா நடந்துச்சா?" என்றாள் சின்னவள், எப்போதும் போல.

"பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டா."

"அவளைத் திட்டினீங்களாக்கா?"

"இல்லை."

"திட்டாதீங்க. நல்லா சாப்பிடறாளான்னு மட்டும் பாருங்க. ரொம்ப இளைச்சுட்டா."

"உன் முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்? நான் எழுதினது தப்புன்னு அடுத்த இதழ்லயே எழுதிடறேன். ஞாயித்துக்கிழமை நீ வா. சபை முன்னால நின்னு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா." சின்னவளின் குரல் தாழ்ந்தது. "ஒண்ணும் எழுதாதீங்க. பழி என் மேலயே இருக்கட்டும். எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கிற வரைக்கும், அன்னைக்கு வராத இன்னொருத்தியைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."