பேய்ப்படத்துக்கு மூன்றாம் நாள்

திரையில் அந்தப் பேய் மறுபடியும் சிரித்தது. வெயிலுமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

பம்பாயில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தியேட்டரில் மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. பழைய இங்கிலீஷ் படம். யுத்தத்தில் விமானத்தோடு எரிந்துபோனவன் ஆவியாக வந்து காதலிக்குக் காவல் நிற்கிறான். அவள் இன்னொருவனை விரும்பியதும், அவள் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, சிரித்தபடியே மேகத்துக்குள் நடந்துபோகிறான். பயங்கரப் பேய்ப்படம் என்று நம்பித் தாராவியிலிருந்து வந்த கூட்டம் முதல் நாளே ஏமாந்து நாற்காலியை உதைத்தது.

வெயிலுமுத்துவுக்கும் உதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் அங்கே டார்ச் அடிக்கிறவன். இருட்டில் வருகிறவர்களின் காலடிக்கு வெளிச்சம் காட்ட வேண்டும். தன் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அதற்காகவே பிடித்த வேலை.

சீனச் சண்டைக்கு லாரி ஓட்டப் போனவன் அவன். செத்துவிட்டான் என்று வீட்டுக்குத் தகவல் போனது. ஒன்றரை வருஷம் கைதியாகவும் நோயாளியாகவும் கிடந்து, இரண்டு கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு, தாராவியை ஒட்டிய சயான் ஸ்டேஷனில் வந்து இறங்கினான்.

சந்து முனையிலிருந்தே பார்த்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் சிநேகிதன் பிரம்மநாயகம் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி செண்பகவல்லி தண்ணீர் ஊற்றினாள். அவள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

அவர்கள் ஜனங்களில் புருஷன் செத்தவள் அறுத்துக் கட்டுவது வழக்கம்தான். பிரம்மநாயகமும் நல்லவன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அவனை அரித்துத் தின்றது.

வந்த வழியே திரும்பி நடந்துவிட்டான். பெரிய தியாகம் செய்துவிட்டதாக அன்று அவனுக்கு நினைப்பு.

முந்தாநாள் அவர்கள் இரண்டு பேரும் இந்தப் படத்துக்கு வந்தார்கள். படி வந்ததும் வெயிலுமுத்துவின் கை தானாகவே டார்ச்சை இரண்டு முறை அணைத்து எரித்தது. தாராவிச் சந்தில் திறந்த சாக்கடை வரும் இடத்தில் அவளுக்கு அவன் அப்படித்தான் காட்டுவான்.

அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

நேற்றுத் தனியாக வந்தாள். இன்றும் தனியாக வந்திருக்கிறாள். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாதவள், பல்லைக் காட்டிக்கொண்டு வழிவிடும் அந்தப் பேயைப் பார்க்க மூன்று நாளாக வருகிறாளே என்று அவனுக்கு ஆத்திரம். இப்படி ஒருத்தன்தான் இவளுக்கெல்லாம் வேண்டும்!

திரையில் மேகம் வந்தது. பேய் காதலியின் காதோரம் குனிந்தது.

படம் முடிவதற்குள் செண்பகவல்லி எழுந்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அவள் காலடியில் வெளிச்சம் போட்டபடி பின்னால் நடந்தான். படியருகே அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பேயிகூட அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுல்லா போவுது" என்றாள். "ஒமக்கு வாயுமா செத்துப் போச்சு?"

வெளிச்சத்துக்குக் காத்திருக்காமல் படி இறங்கிப் போனாள்.