வாசலில் இரண்டு கோரைப்பல்

நீல முடியும் கோரைப்பல்லுமாக இருந்த புதுப் பொம்மையை அம்மா வாசல்படியில் வைத்துவிட்டாள். "பேய் மாதிரி இருக்கு. கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்."

பொம்மை அழுதது. வாசலுக்கு மேலே தொங்கிய திருஷ்டி பொம்மை குனிந்து பார்த்தது.

"எதுக்கு அழறே?"

"என் பல்லு பிடிக்கலையாம்."

"என் பல்லைப் பாரு! இருக்கிறதிலேயே கோரமான முகமா வேணும்னு கடை கடையா ஏறி இறங்கி, என்னை வாங்கினதே அவங்கதான்."

அதற்குள் மகள் யாழிசை ஓடிவந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "அம்மா, வீட்டுக்கு அவர் காவல்னா, என் ரூமுக்கு இவ காவல்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போன யாழிசை சீப்போடு திரும்பினாள். "அம்மா, என்னைத் தூக்கு. அவர் மீசையையும் சீவணும்."

தெருவையே மிரட்டிக்கொண்டிருந்த முகத்துக்கு அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது.