ஒன்பதாவது சீட்டு

எட்டுச் சீட்டுகள் முடிந்திருந்தன.

புதன்கிழமை மதிய ஜெபக்கூட்டம். போதகர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து வாசிப்பார். எழுதியவர் பெயர் அதில் இருக்காது. யாராவது ஒருவர் எழுந்து அதற்காக ஜெபிப்பார். எல்லாரும் ஆமென் சொன்ன பிறகு, போதகர் கடைசியாக ஓர் ஆமென் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தால்தான் கண்ணைத் திறப்பார்கள்.

இதுவரை வந்தவை: விசா இரண்டு, சர்க்கரை மூன்று, மகனுக்குப் பெண் ஒன்று, மேல்வீட்டுக்காரரின் நாய் ஒன்று, மாமியாரின் மனம் மாற ஒன்று. அந்த மாமியாரும் அதே பெஞ்சில்தான் இருந்தார். அவர் ஆமென் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

ஒன்பதாவது சீட்டைப் பிரித்ததுமே போதகருக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது.

வாசித்தார்.

“ஊழியத்தில் இருக்கும் ஒருவர் மிகவும் சோர்ந்துபோயிருக்கிறார். அவரை அதிலிருந்து விடுவிக்கும்படி ஜெபியுங்கள்.”

கூட்டத்தில் சின்னச் சலசலப்பு. இரண்டு பேர் ஆர்கன் வாசிப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

போதகர் யாரையும் பார்க்கவில்லை. காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இடது கையால், எழுத்தைக் கோணல்மாணலாக்கி அதை எழுதியவர் அவர்தான்.

வேறு என்ன செய்வது? ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவர் தனக்காக யாரிடம் போய்க் கேட்பார்? கேட்டால் மறுநாளே சபைக் குழு அவசரக் கூட்டம் போடும். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பதற்கே மூன்று மணி நேரம் பேசிய குழு அது.

போன வாரம் மூன்று அடக்க ஆராதனைகள். மூன்றாவது சவப்பெட்டியின் முன்னால் நின்று, இரண்டாவது பெட்டியில் போனவரின் பெயரைச் சொல்லித் தொலைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பார்வை நேரம் முடிந்திருக்காதா என்று ஏங்கினார். முடிந்திருந்தால் சந்தோஷமாகத் திரும்பினார். அந்தச் சந்தோஷம்தான் அவரைப் பயமுறுத்தியது.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அவர் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். துணைக்கு ஆளில்லாமல் வந்த ஒரு பெரியவர், மேசையில் படுத்தபடி, ஒரு ஜெபம் பண்ணச் சொன்னார். இவர் நாலு வரி முணுமுணுத்தார். அடுத்த நோயாளி வெளியே கத்த ஆரம்பிக்கும்வரை பெரியவர் இவர் கையை விடவில்லை. அதைத்தான் ஊழியத்துக்கான அழைப்பு என்று நம்பினார். தேர்வுக் குழுவிடமும் அப்படித்தான் சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள்.

இப்போது சந்தேகமாக இருந்தது. அது அழைப்புதானா, இல்லை கையை உருவிக்கொள்ளத் தெரியாத கூச்சமா?

பேராயருக்கு எழுதிய கடிதம் பைக்குள் தயாராக இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. இன்று சபை இதற்காக ஜெபித்து, கடைசி ஆமெனும் சொல்லியாகிவிட்டால், அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு தபாலில் சேர்த்துவிடுவது என்று ஆண்டவரோடு பேசி வைத்திருந்தார். பேசியதெல்லாம் அவர்தான்.

யார் ஜெபிக்கப் போகிறார்கள்?

மூன்றாம் பெஞ்சு அக்கா, முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பதினோரு வருடங்களாக வாரம் தவறாமல் தன் முழங்கால் வலிக்காகச் சீட்டுப் போடுகிறவர். அந்த முழங்காலின் ஸ்கேன், ஊசி, தைலம், டாக்டரின் கோபம் எல்லாமே போதகருக்கு மனப்பாடம். அக்காவைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவதும் உண்டு.

போயும் போயும் இவரா என்று அலுத்துக்கொண்டே போதகர் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, இந்த மனுஷன் ரொம்பக் களைச்சுப் போயிட்டாரு. போதும், அவரு கேக்குறபடியே விட்டுரும். புதுசா வர்றவருகிட்ட என் முழங்கால் கதைய நான் மொதல்லேருந்து சொல்லிக்கிறேன். அதுக்காக இவரப் புடிச்சு வைக்காதேயும்.”

போதகர் கண்ணைத் திறந்துவிட்டார்.

அக்கா தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். இமைகள் இறுக மூடியிருந்தன. ஆர்கன் வாசிப்பவரும், மாமியாரும், மருமகளும், இருபத்தேழு பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர்கூட இது யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

“ஆமென்” என்றார்கள். சத்தமில்லாமல், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

இனி அவர் முறை.

நாய்க்குச் சொன்ன ஆமென். விசாவுக்குச் சொன்ன ஆமென். பாதித் தூக்கத்திலும் வாயில் தானாக வரும் சொல். வாயைத் திறந்தார். வரவில்லை.

அவர்கள் கண்ணை மூடியபடி காத்திருந்தார்கள். வெளியே ஒரு பேருந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அக்கா நின்றுகொண்டே இருந்தார். நிற்பது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று அந்த அறையில் சரியாகத் தெரிந்தவர் போதகர் ஒருவர்தான்.

இத்தனை வருடங்களில் முதல் முறையாக, ஒரு ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“உக்காருங்கக்கா” என்றார்.

ஆமென் சொல்லாமலேயே பத்தாவது சீட்டை எடுத்துப் பிரித்தார்.