பத்துப் புள்ளிச் சலுகை

பேசாலைக் கழகத்தின் கரம் பலகை ஆட்ட இறுதிப்போட்டி. இருபத்தைந்து புள்ளியை முதலில் எடுப்பவருக்குக் கிண்ணம். கழகத் தலைவர் அல்பிரட் வலது மணிக்கட்டில் கட்டோடு வந்தார்.

“படகில வழுக்கிப்போட்டுது. எனக்கு அஞ்சு புள்ளி முன்கூட்டியே தாறதுதான் நியாயம்.”

“எங்கட சட்டத்தில அப்படி இல்லையே,” என்று நடுவர் ஜெராட் தயங்கினார்.

எதிரே இருந்த சாந்தரூபன் நிமிர்ந்தான். “பத்தாய்க் குடுங்கோ.”

கூட்டம் கைதட்டியது. அல்பிரட்டின் முகம் மலர்ந்தது.

ஆனால் அவரால் ஒரு சுற்றைக்கூட வெல்ல முடியவில்லை. கடைசிக் காயும் விழுந்ததும் ஜெராட் கரும்பலகையில் எழுதினார்: இருபத்தைந்து, பத்து.

“அந்தப் பத்தும் நான் உங்களுக்குப் போட்டது,” என்றான் சாந்தரூபன். அதுவரை மடியில் கிடந்த வலக்கையைத் தூக்கி அல்பிரட்டின் முன்னால் வைத்தான். போர்க்காலச் செல்லடியில் மூன்று விரல்கள் போன கை.

“அகதி முகாமால வந்த புதுசில இந்தக் கைக்கு அஞ்சு புள்ளி கேட்டனான். ‘இது அனாதைமடம் இல்லை’ எண்டு எல்லாருக்கும் முன்னால சிரிச்சனீங்கள். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் இடக்கையால அடிச்சுப் பழகினனான்.”

அல்பிரட் எழுந்து கரும்பலகையை அழிக்கப் போனார்.

சாந்தரூபன் குறுக்கே நின்றான். “விடுங்கோ தலைவர். சனம் வாசிக்கட்டும்.”