பின்சீட்டுப் பாரம்

வேலை தெரியாத ஆளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டோம் என்று அக்காவுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

பின்னே? எந்த மெக்கானிக்காவது வண்டிக்காரர்களையே கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்காரச் சொல்வானா?

"பின் ஆக்சிலுக்குப் புது ரப்பர் புஷ் போட்டாச்சும்மா. ஆனா வண்டியைத் தூக்கி வெச்சு போல்ட்டை முறுக்கக் கூடாது. கீழ இறக்கினதும் ரப்பர் திருகிக்கும். ஆறே மாசத்துல கிழிஞ்சிரும். வண்டி தரையில நிக்கணும், உள்ள பாரம் இருக்கணும். அப்பத்தான் முறுக்கணும்."

"சரி, யாராவது ரெண்டு பேரை ஏத்தி உட்கார வையுங்க."

"யாராவது ஆகாதும்மா. அந்த சீட்டுல வழக்கமா யாரு உட்காருவாங்களோ அவங்க பாரம்தான் வேணும். தம்பி சாருக்கும் சொல்லிட்டேன். அதோ, வந்துட்டாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது.

அது அப்பாவின் கார். "கல்யாணத்துக்குத் தாத்தா கார்லதான் போவேன்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் ஷெட்டை விட்டே வெளியில் வந்தது. வெள்ளிக்கிழமை கல்யாணம். தம்பிக்கு இன்னும் பத்திரிகை போகவில்லை. கொடுக்கவும் மாட்டேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் ஏறினாள். சின்ன வயசில் உட்கார்ந்த அதே இடது பக்கம். தம்பி வலது பக்கம். இரண்டு பேரும் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்கள்.

"நடுவுக்கு வாங்க! பாரம் நடுவுல விழணும்!" காருக்கு அடியில் இருந்த குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்தார்கள்.

சீட்டின் நடுத்தையல் அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் எல்லை. தாண்டினால் கிள்ளு விழும். "பின்னாடி என்ன சத்தம்?" என்று அப்பாவின் கண்கள் கண்ணாடியில் தெரியும். உடனே ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டும் ஜன்னலைப் பார்க்கும்.

இப்போதும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள்.

"மெக்கானிக், புழுங்குது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லுங்க" என்றாள்.

"கைப்பிடி கையோட வருது. எட்டு வயசுல அவங்கதான் உடைச்சாங்கன்னு சொல்லுங்க."

"நான் குழிக்குள்ள இருக்கேன், தபாலாபீஸ்ல இல்ல! ரப்பர் படிய ஒரு மணி நேரம் ஆகும். இறங்காம உட்காருங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் மேலே ஏறி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சரியாக அந்த நடுத்தையல் மேல் எதையோ வைத்தார். நார்நாராகக் கிழிந்துபோன ரப்பர் வளையம்.

"கழட்டின பழைய புஷ். கிழிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இதோட ஓட்டினவரு ஆள் நடக்கற வேகத்துலதான் வந்திருக்கணும். இல்லேன்னா வண்டி பள்ளத்துல கிடந்திருக்கும்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் அந்த ரப்பரையே பார்த்தாள்.

கடைசியாக இந்தக் காரை ஓட்டியவன் தம்பி. அப்பா கண் மூடிய அன்றைக்கு. விடியும்போதே சேதி சொல்லியும், அவன் வந்து சேர்ந்தது சாயங்காலம். "காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்திட்டு வர்றியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான்.

"அன்னிக்கா?" என்றாள். ஆறு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ம். மலைப்பாதையில பாதி தூரம் வந்ததும் பின்பக்கம் வால் மாதிரி ஆட ஆரம்பிச்சிருச்சு. வழியில வேற வண்டியும் இல்ல, போனும் கிடைக்கல. உருட்டிக்கிட்டே வந்தேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடா?"

"அப்பா படுத்திருக்காரு. அவரு முன்னாடியே அவரு காரைக் குத்தம் சொல்லச் சொல்றியாக்கா?"

கை நீட்டி, தையலைத் தாண்டி, அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ! எல்லையைத் தாண்டிட்ட!"

"தாண்டுவேன். நான்தான் பெரியவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை நீதான் இந்த வண்டியை ஓட்டணும். ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கற இந்த கியரை என் வீட்டுக்காரர் போட்டா, பொண்ணு கல்யாணத்துக்குப் போகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

"பத்திரிகையே வரலையே?"

அவள் கைப்பையைத் திறந்தாள். அவன் பேர் எழுதிய உறை இரண்டு வாரமாக உள்ளேயே கிடந்து, மூலையெல்லாம் மடங்கியிருந்தது.

மெக்கானிக் திரும்பி வந்தபோது பின்சீட்டில் ஒரே சிரிப்புச் சத்தம்.

பட்டறை மேஜையில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுநாள் அவள் அங்கே போனாள்.

குழியின் மேல் அதே மாதிரி இன்னொரு பழைய கார் நின்றது. அதன் பின்சீட்டில் நாலு மணல் மூட்டைகள். மெக்கானிக் குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்தார்.

"இதுக்கும் பின் ஆக்சில் புஷ்தானே?"

"ஆமாம்மா. முறுக்கியாச்சு. பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷமா? எங்களை ஒரு மணி நேரம் உட்கார வெச்சீங்க! இந்த வண்டிக்கு மட்டும் மணல் மூட்டை போதுமா?"

அவர் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"போதும்மா. இந்த வண்டிக்காரங்க வீட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க."