ஆள் வைக்காத வேலை

உச்சந்தலையிலிருந்து எண்ணெய் ஒழுக, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு மல்லாந்து கிடந்தான் கௌரிசங்கர். சாரல் அடிக்கிற ஆனி மாதத்தில் குற்றாலத்தில் இப்படி நூறு பேர் கிடப்பார்கள். ஆனால் அவர்கள் கிடப்பது அருவிக்கரையில். இவன் கிடந்தது தென்காசியில், தன் வீட்டு வாசலில், காருக்கு அடியில்.

“என்ன மாப்ளே, ஆயில் வண்டிக்கா, ஒமக்கா?”

கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார் மாமனார் கைலாசம். வருஷா வருஷம் சீசனுக்குத் திருவேங்கடத்திலிருந்து வந்து மகள் வீட்டில் டேரா போடுகிறவர். அருவிக்கரையில் விற்கிற எண்ணெய் அவருக்கு ஆகாது. மிளகும் சீரகமும் போட்டுத் தானே காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு கேன் நிறையக் கொண்டுவந்துவிடுவார்.

“பழைய ஆயிலைத் தொறந்து விடும்போது கொஞ்சூண்டு சிந்திட்டு மாமா. மத்தபடி எல்லாம் வீடியோவுல சொன்ன மாதிரியே போகுது.” கண்ணைத் திறக்க முடியாமல் சொன்னான் கௌரிசங்கர்.

“இசக்கி அண்ணன்கிட்ட விட்டா என்னவாம்?” வாசற்படியிலிருந்து அவன் மனைவி உமா குரல் கொடுத்தாள். “சீசன்னால காலையில மட்டும் அருவிக்கு மசாஜ் பண்ணப் போறாவ. மத்தியானம் ஒர்க்‌ஷாப்பைத் தொறந்து பாத்துக் குடுப்பாவள்லா?”

“ஒரு நட்டைக் கழத்தி மாட்டுததுக்கு எதுக்குட்டி மெக்கானிக்கு?”

“வேய், என் முதுகுல எண்ணெய் தேய்க்கவே நான் இசக்கியைத்தான் வச்சிருக்கேன். எந்த வேலைக்கும் ஒரு ஆளு உண்டும்” என்றார் கைலாசம். “இல்லைன்னா அன்னைக்கு ஃபேனு விழுந்த கததான்.”

கௌரிசங்கருக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அவனே மாட்டிய ஃபேன், விருந்துக்கு உட்கார்ந்திருந்த மாமனாரின் இலையில் நேராக இறங்கிவிட்டது. அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சொந்தக்காரர்கள் அவனைப் பார்த்தாலே இப்போதெல்லாம் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள்.

“சரி, ஒரு பந்தயம்” என்றார் கைலாசம். “நான் குளிச்சிட்டு வருததுக்குள்ள வண்டி ஓடிட்டுன்னா, இனிமே ஃபேன் கதைய எங்கயும் எடுக்க மாட்டேன். ஓடலைன்னா, அடுத்த கல்யாணத்துல மைக்கு வச்சே சொல்லுவேன்.”

சொல்லிவிட்டு, தெருவில் காத்து நின்ற ஆட்டோவில் போய் ஏறினார். ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. “மாப்ளே, அந்தக் கேனை எடும்!”

கௌரிசங்கர் வெளியே ஊர்ந்து வந்து, எரிகிற கண்ணை ஒரு கையால் கசக்கிக்கொண்டே மறு கையால் கேனை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்தான். ஆட்டோ குற்றாலம் பக்கம் திரும்பியது.

அப்புறம் சிங்கமாகிவிட்டான். நட்டை முறுக்கினான், ஃபில்டரை மாட்டினான், பானெட்டைத் தூக்கினான். கடையில் பேரலிலிருந்து வீட்டுக் கேனிலேயே பிடித்து வந்த புது ஆயில் பக்கத்தில் தயாராக இருந்தது. புனலை வைத்து அளவு பார்த்து ஊற்றினான்.

“உமா, ரசமா வைக்க? வாசனை தெருவைத் தூக்குதே!”

“அடுப்பே பத்த வைக்கல. அப்பா வரும்போது பரோட்டா வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டாவ.”

“அப்ப பக்கத்து வீடாத்தான் இருக்கும்.”

சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினான். ஒரு உறுமல், அவ்வளவுதான். இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. தெருமுனை வரைக்கும் போய், தேவையில்லாமல் நாலு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தான். அடடா, என்ன ஒரு நிம்மதி! ஃபேன் கதை ஒழிந்தது.

இறங்கும்போது போன் அடித்தது. இசக்கி.

“ஏ இசக்கி, நல்ல நேரத்துல அடிச்ச! இனிமே எனக்கு மெக்கானிக்கே வேண்டாம்டே. நானே ஆயில் மாத்திட்டேன். வண்டி வழுக்கிட்டுப் போகுது!”

“ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி.” பின்னால் அருவி இரைந்தது, அதையும் மீறி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். “இங்கன ஒங்க மாமனாரும் வழுக்கிட்டுத்தான் இருக்காவ. முக்கா மணி நேரமா அருவிக்குள்ள நிக்காவ, நாலு சோப்பு கரைஞ்சிட்டு, பிசுக்கு போவேனாங்கு.”

கௌரிசங்கர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பானெட் இடுக்கிலிருந்து சீரக வாசனை கமகமவென்று வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க அண்ணாச்சி” என்றான் இசக்கி. “மாமாவுக்கு அடுத்த ஆயில் எத்தனாவது கிலோமீட்டர்ல மாத்தணும்?”