வடக்கு மூலை

முப்பது வருடங்களுக்குப் பிறகு இராணுவம் காணிகளைத் திருப்பிக் கொடுத்தபோது ஊரில் வீடுகளோ வேலிகளோ இல்லை. எல்லாவற்றையும் புல்டோசர் தரைமட்டமாக்கியிருந்தது. தயாபரன் போருக்கு முந்திய நில அளவைப் படமொன்றைத் தேடி எடுத்து வந்திருந்தார். அதிலிருந்தவற்றில் கோயில் கேணி மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கிருந்து அளந்து தங்கள் வீட்டு வளவின் வடக்கு மூலையைக் கண்டுபிடித்தார். ஷெல்லடிக்குள் ஓடிய அன்று, செத்துப்போன மூன்று வயது மகளை அவரும் மனைவி புவனமலரும் அவசரமாகப் புதைத்தது அந்த மூலையில்தான். பிள்ளையின் காலிலிருந்த வெள்ளிக் கொலுசை அவர்கள் கழற்றவில்லை. அதை நம்பித்தான் உலோகம் காட்டும் கருவியொன்றை இரவல் வாங்கி வந்திருந்தார்கள்.

கருவி அடிக்கு அடி கத்தியது. தோண்டிய இடமெல்லாம் ஷெல் துண்டுகளே வந்தன. பின்னேரம், தோண்டாமல் எஞ்சியிருந்த கடைசிப் பாய் அகல நிலத்தில் மிக மெல்லிய சத்தமொன்று கேட்டது. தயாபரன் மண்வெட்டியை ஓங்கினார். புவனமலர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிண்டாதேங்கோ.”

“என்னப்பா, இவ்வளவு தூரம் வந்திட்டு?”

“இதுவும் ஷெல் துண்டெண்டால், பிறகு நான் எந்த இடத்தில இருந்து அழுறது?”

தயாபரன் கருவியை நிறுத்தினார். புவனமலர் அங்கே கிடந்த கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, உள்ளங்கையால் மண்ணைத் தடவிக்கொடுக்கத் தொடங்கினார்.